தானே ஏற்றிக்கொள்ளும், தானே சுடாது

'செமி ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லைத் தமிழாக்க வேண்டிய நெருக்கடி வரும்போதெல்லாம் 'அரைத் தானியங்கி' என்றோ 'பாதி தானியங்கி' என்றோ எழுதிவிட்டுக் கடந்து செல்வது நம் வழக்கம். சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றோருக்கு அங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. பாதி தானே இயங்குகிறது என்றால், அது எந்தப் பாதி? மற்றப் பாதியை இயக்குபவர் யார்? இந்திய ராணுவமும் காவல்துறையும் இவ்வகைத் துப்பாக்கி ஒன்றிற்கு வைத்திருக்கும் பெயர் இக்கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறது. எஸ்.எல்.ஆர். என்பார்கள், விரித்தால் செல்ஃப் லோடிங் ரைஃபிள். தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கி. ஏற்றிக்கொள்வது வரைதான் அதன் வேலை. சுடுவது அதன் வேலையன்று.

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் வசிக்கும் பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையை ஒட்டிய சிற்றூர். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்திற்கு வந்த பகுதி. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழுமாக வாழ்கிறவர்கள் இங்கு மிகுதி. துருக்கியில் புறப்பட்டு, பாரசீகமும் உருதும் கடந்து இங்கு வந்து சேர்ந்த 'துப்பாக்கி' என்ற சொல் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஏறத்தாழ ஒன்றுதான். சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்குக் கண்முன் தெரியும் அரசு வேலைகள் இரண்டு: ஒன்று பட்டாளம், மற்றொன்று போலீஸ். விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகுகிறவர்களில் நம் வகுப்பு மாணவர்கள் சிலரை அன்றாடம் பார்க்கிறோம். அவர்கள் தேர்வாகிப் போனால் கையில் வாங்கப்போகும் பொருள் எது என்று ஓர் ஆசிரியர் யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை அல்லவா?

எஸ்.எல்.ஆருக்கு முன்பு இங்கிருந்தது .303 லீ-என்ஃபீல்டு. 'த்ரீ நாட் த்ரீ' என்று பழைய போலீஸ்காரர்கள் இன்றும் பாசத்தோடு சொல்வது. ஒருமுறை சுட்டபின் வலக்கையால் போல்ட்டின் பிடியை மேலே திருப்பி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். இந்த நான்கு அசைவுகளும் முடிந்தால்தான் அடுத்த தோட்டா தயார். 1962இல் இமயத்தின் பனியில் நம் வீரர்கள் ஏந்தி நின்றது இதைத்தான். எதிரே வந்த சீன வீரர்களிடம் தானே குண்டேற்றிக்கொள்ளும் எஸ்.கே.எஸ். வகைத் துப்பாக்கிகளும் முழுத் தானியங்கிகளும் இருந்தன. தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் அந்த நான்கு அசைவுகள் எவ்வளவு நீளமானவை என்பதை அந்தக் குளிர்காலம் இந்தியாவுக்குக் கற்பித்தது.

இலக்கணக்காரன் கண்ணோடு பார்த்தால், இது 'நிரப்பு' என்ற பிறவினை 'நிரம்பு' என்ற தன்வினையாக மாறிய கதை. லீ-என்ஃபீல்டில் மனிதன் தோட்டாவை நிரப்பினான். எஸ்.எல்.ஆரில் தோட்டா தானே நிரம்பிக்கொண்டது. இந்த ஒரு மெய்யெழுத்து மாற்றத்தைச் சாதிக்க உலகத்துப் பொறியாளர்கள் அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

நம் எஸ்.எல்.ஆரின் மூதாதையை வடிவமைத்தவர் தியூதொனே சேவ் என்ற பெல்ஜியர். லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்தாலில் இயங்கிய எஃப்.என். ஆலையின் வடிவமைப்பாளர். துப்பாக்கி உலகின் பெரிய பெயரான அமெரிக்கர் ஜான் பிரவுனிங்குடன் பணியாற்றியவர். 1926இல் பிரவுனிங் அந்த ஆலையிலேயே இறந்தபோது, முடிக்காமல் விட்டுச் சென்ற கைத்துப்பாக்கியை முடித்துக் கொடுத்தவரும் இவரே. இரண்டாம் உலகப்போரில் பெல்ஜியம் ஜெர்மனியின் பிடியில் விழுந்தது. சேவ் இங்கிலாந்து சென்று அங்கே தம் வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்து நாடு திரும்பிய பிறகு உருவானதுதான் எஃப்.என். ஃபால். முதலில் அதைச் சிறிய தோட்டாவுக்கென்றே அவர் வடிவமைத்தார். ஆனால் நேட்டோ நாடுகளுக்குப் பொதுவாக ஒரே தோட்டா வேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது, அமெரிக்கா தன் வலிமைமிக்க 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான் ஏற்கவேண்டும் என்று நின்றது. 1954இல் அதுவே பொது அளவாயிற்று. சேவின் துப்பாக்கி அந்தப் பெரிய தோட்டாவுக்கேற்பப் பெருத்தது. வேடிக்கை என்னவென்றால், தோட்டாவைத் திணித்த அமெரிக்கா கடைசியில் துப்பாக்கியை வாங்கவில்லை; தன் சொந்த எம்-14ஐ எடுத்துக்கொண்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஃபாலை ஏந்தின.

அதன் உள்ளே நடப்பது எளிமையானது, அழகானதும்கூட. தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயு குண்டைக் குழல் வழியே முன்னோக்கித் தள்ளுகிறது. குழலின் மேற்புறம் ஒரு சிறு துளை. குண்டு அத்துளையைக் கடந்த கணத்தில் வாயுவின் ஒரு பங்கு அதன்வழி மேலேறி, குழலுக்கு மேல் படுத்திருக்கும் பிஸ்டனை உதைக்கிறது. பிஸ்டன் பின்னால் வந்து ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் ஸ்பிரிங்கின் இழுப்பில் பழைய இடத்திற்குத் திரும்பிவிடுகிறது. தட்டு வாங்கிய பகுதி பின்னோக்கி ஓடும்போது, தோட்டாவின் பின்வாயை அடைத்து நிற்கும் பிரீச் பிளாக்கின் பின்முனையை மேலே தூக்குகிறது. அதுவரை அந்த முனை ஓர் எஃகுத் திண்டில் இறங்கிப் பூட்டிக் கிடந்தது. வாசற்கதவின் தாழ் குழியில் இறங்கிக் கிடப்பதைப் போல. தாழ் விலகியதும் கதவு திறக்கிறது. வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கிறது. பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னே தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறி அமர்கிறது. தாழ் மீண்டும் இறங்குகிறது. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம்.

அதன்பின் எதுவும் நடவாது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. விரல் விசையை அழுத்தியபடியே இருந்தாலும் அடுத்த குண்டு புறப்படாது. விசையை முழுவதும் விட்டு, மறுபடி இழுத்தால்தான் சுத்தி விழும். ஃபாலின் மூல வடிவத்தில் விரலை எடுக்காமல் தொடர்ந்து சுடும் வசதியும் இருந்தது. ஆங்கிலேயர் தம் ராணுவத்திற்கு எடுத்துக்கொண்டபோது அந்த வசதியை நீக்கினார்கள். 7.62 தோட்டாவின் உதை பெரிது. தொடர்ந்து சுட்டால் இரண்டாவது மூன்றாவது குண்டுக்குள் குழல் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும், தோட்டாதான் வீண். 1982இல் ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதியபோது இருதரப்பின் கையிலும் இருந்தது சேவின் துப்பாக்கியே. அர்ஜென்டினர் கையில் தொடர்ந்து சுடுவது. பிரிட்டானியர் கையில் ஒவ்வொன்றாகச் சுடுவது.

இந்தியாவும் ஒவ்வொன்றாகச் சுடும் வழியையே தேர்ந்தெடுத்தது. 1963இல் வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் '7.62 மி.மீ. 1ஏ1' என்ற பெயரில் உற்பத்தி தொடங்கியது. 1966இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த நவல்பட்டில் திறக்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையிலும் அது உருவாயிற்று. ஆக இது பெல்ஜியத்தில் கருவாகி, காவிரிக்கரையிலும் பிறந்த பொருள். நம்மவர்கள் செய்த ஒரு மாற்றம் நமக்கு மிகவும் பிடித்தமானது. பின்கட்டையின் அடியில் பழைய லீ-என்ஃபீல்டின் உலோகத் தகட்டையே பொருத்தினார்கள். அதில் ஒரு சிறு கதவு. கதவுக்குள் எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் கயிறான 'புல்த்ரூ'வும். பழைய வீட்டின் நிலைக்கதவைப் புது வீட்டிற்குக் கொண்டுவந்து வைக்கும் நம் வழக்கம் துப்பாக்கி ஆலைக்குள்ளும் நுழைந்துவிட்டது போலும்.

1990களின் இறுதியில் நாம் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தோம். அணிவகுப்புக்குக் கிடைத்தது சுடமுடியாதபடி ஆக்கப்பட்ட .303; சுடக் கிடைத்தது சின்னஞ்சிறு .22. எஸ்.எல்.ஆரை முகாமில் ஒருநாள் தரைவிரிப்பில் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு நெம்பி. அதற்கு இரண்டே நிலைகள். 'எஸ்' என்றால் பாதுகாப்பு. 'ஆர்' என்றால் சுடலாம். பின்குறியில் 200 முதல் 600 வரை எண்கள். மேகசினில் 20 தோட்டாக்கள். எடை 4 கிலோவுக்கு மேல். நீளம் ஏறத்தாழ 1.1 மீட்டர். குண்டு நொடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் பறக்கும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தோம். ஆனால் இவற்றைவிட ஆழமாகப் பதிந்தது வேறொன்று. .22 சுட்டு முடிந்த மாலையில் பயிற்சி தந்த ஹவில்தார் எங்களை வரிசையாகக் குனிந்து புல்லில் தேடச் சொன்னார். தேடியது வெற்றுத் தோட்டாக்களை. 'கோக்கா' என்பார். வாங்கிய தோட்டா எத்தனை, சுட்டது எத்தனை, திரும்பிய கோக்கா எத்தனை என்று ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தது. இருட்டும் வரை தேடினோம். கிடைத்த பிறகே சோறு. அந்தச் சிறு பித்தளைக் கூட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுடப்பட்ட தோட்டாக்கள் 1650 என்று வரலாறு உறுதியாகச் சொல்கிறதே, அது எப்படி? எண்ணியதால்தான். இறந்தோர் எண்ணிக்கை பற்றி இன்றும் வாதம் நீள்கிறது. அரசு சொன்ன 379ஐ எவரும் முழுக் கணக்காக ஏற்றதில்லை. மனிதர்களை எண்ணாதவர்கள் தோட்டாக்களை எண்ணினார்கள் என்பது கொடுமைதான். ஆனாலும் அந்த எண் ஒரு சாட்சியாக நிற்கிறது. சுமார் 10 நிமிடம், ஐம்பது துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் நான்கு அசைவுகள், 1650 முறை. கூட்டம் கலைக்கப்பட்டது என்ற சொற்றொடரால் அந்த எண்ணை மூடிவிட முடியாது.

எஸ்.எல்.ஆரைப் போர்க்களத்தில் ஏந்தியவர் ஒருவர் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் ஓராண்டுக்கும் மேல் பணியாற்றியவர். தெலுங்கு வீட்டுக்காரர், தமிழ் வீரர்களுக்கெதிராகத் தமிழ் மண்ணில் நின்றதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

"அவங்க கையில ஏ.கே. சார், முப்பது ரவுண்டு. எங்க கையில இது, இருபது. நீளம் வேற. பனங்காட்டுல, வேலி சந்துல திருப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அவங்க விரல எடுக்காம அடிப்பாங்க. நாங்க ஒவ்வொண்ணுக்கும் விட்டு விட்டு இழுக்கணும்."

"அது பெரிய குறைதானே அண்ணா?" என்றோம்.

"சண்டையில குறைதான், இல்லன்னு சொல்லல." சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா எத்தினி ரவுண்டு போட்டேன்னு இன்னிக்குக் கேட்டாலும் சொல்லுவேன் சார்."

எத்தனை என்று நாம் கேட்கவில்லை.

அவர் சொன்ன குறை ராணுவத்திற்கும் தெரிந்தே இருந்தது. 1990களின் இறுதியில் 5.56 மி.மீ. இன்சாஸ் வந்தது. அதிலும் ஒரு கஞ்சத்தனம்: ஒவ்வொன்றாகச் சுடலாம், மிஞ்சினால் மூன்று மூன்றாக. 2019இல் ராணுவம் 72,400 சிக்-716 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தபோது, பழைய 7.62 தோட்டாவே புது வீட்டிற்குத் திரும்பி வந்தது. எஸ்.எல்.ஆர். ராணுவத்தின் முன்வரிசையை விட்டு விலகிவிட்டது; ஆனால் ஓய்வு பெறவில்லை. காவல்துறைக்கு மாற்றலாகிப் போனது. தேர்தல் பணிக்குச் சென்ற இடங்களில், வாக்குப்பதிவு இயந்திரங்கள் பூட்டப்பட்ட அறையின் வாசலில் அதைத் தோளில் தொங்கவிட்டபடி கொட்டாவி விடும் காவலர்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அங்கே அது ஒரு காவல் சின்னம், அவ்வளவே.

சின்னமாக நில்லாமல் கூட்டத்திற்கு முன் நிமிரும்போதுதான் சிக்கல். பின்குறியில் உள்ள மிகச் சிறிய எண் 200 என்றோமல்லவா? அதற்குக் குறைந்த தொலைவை அதைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை என்று பொருள். ஊர்வலத்தில் வரும் மனிதர்கள் ஐம்பது அறுபது அடி தூரத்தில் நிற்கிறார்கள். அந்தத் தூரத்தில் 7.62 குண்டு ஒருவரோடு நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. பின்னால் இருப்பவரையும் தேடிச் செல்லும். இதைக் காலனி அரசே ஒருவகையில் உணர்ந்திருந்தது. இஷாப்பூர் ஆலையில் லீ-என்ஃபீல்டுகளைக் காவலர்களுக்கென .410 மஸ்கட்டுகளாக மாற்றினார்கள். வலுக்குறைந்த தோட்டா, மேகசின் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை, ஒருமுறைக்கு ஒன்று, அதையும் கையால் இட வேண்டும். அந்நியன் அடைத்துவைத்த மரக்கட்டையைச் சுதந்திர நாடு எடுத்துவிட்டு, இருபது தோட்டா மேகசினை மாட்டியது.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கெதிரான போராட்டத்தின் நூறாம் நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. 13 பேர் உயிரிழந்தனர். பயன்படுத்தப்பட்ட ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் ஒன்று. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அளித்த இறுதி அறிக்கை, அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் ஏதுமின்றிச் சுடப்பட்டது என்றும், கலைந்து ஓடியவர்களை நோக்கி மறைவிடங்களிலிருந்து சுடப்பட்டது என்றும் அது கூறியது. காவல்துறை அதிகாரிகள் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

அந்நாட்களில் நாம் எல்லோரும் சொன்னதும் எழுதியதும் எப்படி? 'துப்பாக்கிச் சூடு நடந்தது'. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி'. மழை பெய்தது, புயல் வீசியது என்பதைப் போல. ஆனால் இந்தத் துப்பாக்கியின் கட்டமைப்பு அந்த வாக்கியத்தை ஏற்பதில்லை. அதில் 'நடப்பது' என்று ஒன்று உண்டென்றால் அது தோட்டா ஏறுவது மட்டுமே. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் எஃகு காத்திருக்கிறது. விரல் ஒருமுறை விலகி, ஒருமுறை திரும்பி வரவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளி மிகச் சிறியதுதான். இருந்தாலும் அது மனிதனுக்கென்று விடப்பட்ட இடைவெளி.

காவலர் தேர்வில் இப்போது தமிழ் மொழித் தகுதித் தேர்வும் உண்டு. அதனால் நம் மாணவர்களில் சிலர் மாலையில் இலக்கணம் கேட்க வருகிறார்கள். அண்மையில் மூன்றாம் வேற்றுமை நடத்தினோம். ஆல் என்னும் உருபு கருவியையும் உணர்த்தும், கருத்தாவையும் உணர்த்தும். கருத்தாவிலும் இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா என இருவகை உண்டு. தச்சனால் கட்டப்பட்ட வீடு, அரசனால் கட்டப்பட்ட கோயில் என்பவை வழக்கமான சான்றுகள். தச்சன் செய்தவன், அரசன் செய்வித்தவன். பிறகு கரும்பலகையில் 'துப்பாக்கிச் சூடு' என்று எழுதி, இது என்ன தொகை என்று கேட்டோம். "மூன்றாம் வேற்றுமைத் தொகை ஐயா, துப்பாக்கியால் சுட்டது" என்றான் முன்வரிசைப் பையன். சரியான விடை. "துப்பாக்கி கருவி. அப்படியானால் இயற்றுதல் கருத்தா எங்கே? ஏவுதல் கருத்தா எங்கே?" என்று கேட்டோம். தொகையில் இரண்டும் இல்லை என்றான். இருக்க வேண்டும், தேடி எழுதிக்கொண்டு வா என்று சொல்லியனுப்பினோம். மறுநாள் காலை, சாலையோரம் ஓடிக்கொண்டிருந்தவன் நம்மைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, "இன்னும் எழுதல ஐயா, யோசிச்சிட்டிருக்கேன்" என்றான்.